யாரும் வெட்டாத சட்டை

அன்பு மகள் ஹெல்மிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் துப்பாக்கிக் கடையும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை வரவில்லை. அரிசோனா வெயிலில் நீயாவது நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போன் இருப்பது சமையலறையில், அப்பா இப்போது நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதும் அங்கேதான்.

அப்பா மனசு தேற ஒரு புதுத் துப்பாக்கி வாங்கி அனுப்புகிறேன், மானுக்கு எந்த அளவு ரவை நல்லது, இங்கே கடைக்காரன் 300 மேக்னம் என்கிறான் என்று எழுதியிருந்தாய். அவன் விலை கூடியதைத்தான் சொல்வான், நானும் அதே பிழைப்புதானே, எனக்குத் தெரியாதா. நம் சதுப்புக் காட்டில் நூறு கஜத்துக்கு அப்பால் எதுவும் கண்ணுக்கே தெரியாது, அதற்கு எதற்கு யானையைச் சாய்க்கிற ரவை? பெரிய ரவை என்றால் சுடும்போது தோளில் பெரிய உதை, உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிவிடுவான். மானுக்கு நம்பர் படிக்கத் தெரியாது, எங்கே பட்டது என்பதுதான் அதற்குக் கணக்கு. இதை ஊருக்கெல்லாம் சொல்லி விற்றிருக்கிறேன், வீட்டில் இருக்கிற ஒருத்தருக்குச் சொல்லத்தான் பட்ட பாடு.

வசந்தத்தில் அப்பாவுக்கு இதயக் கருவி வைத்தார்களே, இடது தோளுக்குக் கீழே, இடதுகைக்காரர் துப்பாக்கிக் கட்டையை அணைப்பதும் அதே இடத்தில். பழைய 30-06 துப்பாக்கி பக்கமே போகக்கூடாது, உதை குறைந்ததாகப் பாருங்கள் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். தோள் மாற்றிச் சுடுங்கள் என்றேன், "இந்த வயசுல காலை மாத்தி நடன்னும் சொல்லுவியா?" என்றார். அலமாரியிலிருந்து சின்ன ரவை போடுகிற 243-ஐ இறக்கி வைத்தேன். "என்னடி, பால்பல்லு விழாத பசங்களுக்கு விக்கிறதை எனக்கு எடுத்து வைக்கிற?" என்றார். இதாலயும் மான் சாகும், உங்க வீம்பாலதான் சாகாது என்றேன். எடுத்துக்கொண்டார். ஆனால் எந்த ரவை என்று என்னிடம் கேட்க வெட்கம், நான் வேறு ஆளைக் கவனித்துக்கொண்டிருந்தபோது அவராகவே ஒரு பெட்டியை உருவிக்கொண்டு போனார், அது நரி சுட வைத்திருக்கும் லேசு ரவை. உதை இன்னும் குறையும் என்று நினைத்திருப்பார்.

வேட்டை சீசன் திறந்த அன்றைக்கே பெரிய கொம்பு மான் ஒன்று எதிரில் வந்து நின்றதாம். 30-06 காலத்துப் பழக்கம், நேராக மானின் தோள் எலும்பில் குறி வைத்திருக்கிறார். அந்த ரவை எலும்பில் பட்டதும் சிதறிவிடும், உள்ளே போகாது. மூன்று காலில் சதுப்புக்குள் ஓடிவிட்டது. உர்ஹோ சித்தப்பாவும் அவரும் இருட்டும்வரை தேடினார்கள், பனி விழுந்து ரத்தத் தடத்தை மூடிவிட்டது. மறுநாள் காக்கை கத்துகிற இடத்தில் போய்ப் பார்த்தால், குள்ளநரிகள் தின்று தீர்த்தது போகக் கொம்பும் தோலும்.

ஆனால் அவரைச் சாய்த்தது அதுவல்ல. நம் வேட்டைக் குடிசை வழக்கம் உனக்குத் தெரியும், மானைக் கோட்டைவிட்டவன் சட்டையின் பின்வாலை வெட்டிச் சுவரில் அடிப்பார்கள், உன் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு இன்னும் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. அன்று சாயங்காலம் சித்தப்பா வழக்கம்போலக் கத்தரியை எடுத்தாராம். அப்பாவும் சட்டையை வெளியே இழுத்துவிட்டு, "வெட்டுடா" என்று முதுகைக் காட்டி நின்றிருக்கிறார். சித்தப்பா கத்தரியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, "போகட்டும் அண்ணே, நீ களைச்சிருப்ப, போய்ப் படு" என்றாராம். ஒருத்தன்கூடக் கிண்டல் பண்ணவில்லையாம். வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என்னிடம், "பாவம்னு விட்டுட்டானுங்க, டைமி" என்றார்.

அதற்கப்புறம் சனிக்கிழமை நீராவிக் குளியலுக்குச் சவுனா அறையில் விறகு மூட்டவில்லை. சாப்பாடு வைத்தது வைத்தபடி ஆறுகிறது. 30-06-ஐக் கடையில் வைத்து விற்றுவிடு என்கிறார். ஒருவர் வந்து கேட்கவும் கேட்டார், வாங்க முடியாத விலையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன், என் வியாபாரத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. ஒளிக்காமல் சொல்கிறேன் கண்ணு, இந்த சீசனில் காட்டுக்குத் திரும்பாதவர் அடுத்த சீசனைப் பார்ப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அதனால் துப்பாக்கி வேண்டாம், நீ வா. நன்றித் திருநாளுக்கு வந்தால் சீசன் முடிய இன்னும் சில நாள் இருக்கும். 243-க்குக் கனத்த ரவை நான் எடுத்துத் தருகிறேன். நீ கூப்பிட்டால் வருவார், பக்கத்தில் உட்கார், தோளை விட்டுத் தள்ளி விலாவில் வையுங்கள் என்று மெதுவாகச் சொல். பட்டால் நல்லது. படாவிட்டால் குடிசையில் எல்லோர் எதிரிலும் கத்தரியை நீ எடு, அவர் முகத்தைப் பார்க்காதே, வாய்க்கு வந்தபடி கேலி பண்ணு, ஒட்ட வெட்டு.

கம்பளிக் காலுறை மறக்காதே, இங்கே முழங்கால் வரை பனி. கர்த்தர் உனக்கு வழித்துணையாக இருந்து கொண்டுவந்து சேர்க்கட்டும். அப்பாவுக்கு ஏதாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு ஃபிளானல் சட்டை வாங்கி வா. பின்வால் நீளமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
டைமி