நூற்று முப்பத்தொன்றாவது இதழ்

ஜனவரி 9, வெள்ளி

இன்று மூன்று மருந்துத் தாள்களை முடித்தேன். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைப்பார்களே, யாரும் பிரித்துக்கூடப் பார்க்காத தாள். அதில் பிழை தேடுவதுதான் பத்தொன்பது வருடங்களாக என் வேலை. இன்று ஒன்று அகப்பட்டது. 'உணவுக்குப் பின்' என்று வர வேண்டிய இடத்தில் 'உணவுக்கு முன்'. குறித்து அனுப்பினேன். என்னிடம் பயிற்சிக்கு வந்து இப்போது எனக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பிரிவுத் தலைவர் 'ஓகே' என்று பதில் போட்டார். நன்றி என்று எழுதினால் விரல் தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

மதியம் கைபேசியில் அந்த அறிவிப்பு. 'ஆழ்கடல் எழுவர்' முழுத் தொகுப்பு. இருநூற்றெட்டு வார இதழ்கள், நான்கு பாகங்களாக. பழைய அளவைவிடப் பெரிய பக்கம், கெட்டி அட்டை, துணி முதுகு, நூல் தையல், நான்கையும் சேர்த்து வைக்க ஓர் உறைப்பெட்டி. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான். அதற்குமேல் ஒரு பிரதிகூட அச்சிட மாட்டார்களாம்.

பதிவு செய்தேன். உறுதி செய்து வந்த மின்னஞ்சலை நான்கு தடவை படித்தேன். எனக்கு இது வேண்டும் என்று கடைசியாக எதைப் பார்த்து நினைத்தேன்? யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

அலமாரியை அளந்தேன். நடுத்தட்டில் உயரம் போதாது. ஒரு பலகையைக் கழற்றி இரண்டு துளை கீழே இறக்கினால் சரியாக இருக்கும்.

மனைவி பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிவந்தப்போ கட்டில் உள்ள போகுமான்னு அளக்கச் சொன்னேன். டேப்பைத் தொடல. இப்ப படக்கதைக்கு அளக்குறீங்க."

நூல் தையல் என்றேன். விரித்தால் தட்டையாக நிற்கும். இதழில் இரண்டு பக்கத்துக்கு விரிந்த கடலெல்லாம் நடுவில் பின் அடித்த இடத்தில் மடிந்து போயிருக்கும். இதில் முழுசாகத் தெரியும்.

"நல்லது. ஒண்ணாவது முழுசாத் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவாள்.

ஜனவரி 12, திங்கள்

பலகையை இறக்கியாயிற்று. அந்தத் தட்டு காலி.

ஜனவரி 24, சனி

பதிப்பகம் இன்று தொகுப்பாசிரியரின் படத்தை வெளியிட்டது. கல்லூரியில் நெட்டை என்று கூப்பிடுவோமே, அவன்தான். தலை நரைத்திருக்கிறது, உயரம் அப்படியே. பின்னால் புத்தக அலமாரி, கையில் கண்ணாடி. சிந்தனையாளராம்.

எழுதி வைக்கிறேன், எனக்காக. கல்லூரியில் நானும் அவனும் ஒரே அறை. அப்போது என்னிடம் 'எழுவர்' இதழ்கள் ஏறக்குறைய எல்லாமே இருந்தன. வரிக்கு ஓர் இதழாக இருநூற்றெட்டு வரிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தேன். தேதி, கதை எழுதியவர், படம் வரைந்தவர், அட்டை வரைந்தவர். ஓவியர்கள் கையெழுத்துப் போடாத காலம் அது. கை விரலை வரைந்திருக்கும் விதத்தை வைத்து இது இவர், அது அவர் என்று பிரித்தேன். இரண்டு வருட வேலை. நெட்டை படிக்கக் கேட்டான், கொடுத்தேன். முப்பது வருடங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் அது வெளிவந்தது. கீழே அவன் பெயர் மட்டும்.

அன்றிலிருந்து பேச்சில்லை. பொது நண்பர்கள் வீட்டுத் திருமணங்களில் பார்ப்பேன். "என்னடா, எப்படி இருக்கே?" என்பான். "இருக்கேன்" என்பேன். அவ்வளவுதான்.

இப்போது நான் ஆசைப்படும் புத்தகத்தின் அட்டையில் அவன் பெயர் இருக்கும். பதிவை ரத்து செய்யலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். செய்யவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

பதிப்பகத்தின் வேண்டுகோள்: 'இதழ் 131 எங்கும் கிடைக்கவில்லை. வைத்திருக்கும் வாசகர்கள் ஒருமுறை ஒளிவருட (ஸ்கேன் செய்ய) மட்டும் தந்து உதவவும். பத்திரமாகத் திருப்பித் தருவோம்.'

அந்த வாரம் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். இதழ்க் கட்டுகள் அச்சகத்து வாசலிலேயே கிடந்து மழையில் ஊறிப்போயின. அச்சகத்தை ஒட்டிய நாலைந்து கடைகளுக்குத்தான் கையில் தூக்கிக் கொடுத்தார்கள். எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. எனக்குப் பன்னிரண்டு வயது.

'எழுவர்' மூழ்கிய கப்பல்களை மீட்கும் குழு. ஆறு பேர் நீரில் இறங்குவார்கள். ஏழாமவர் கயிற்றுக்காரர். மேலே நின்று ஆறு பேருடைய கயிற்றையும் பிடித்திருப்பார், ஒருநாளும் இறங்கமாட்டார். 130-ஆவது இதழில் கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் நுழைகிறது, ஏழு பேரும் இருக்கிறார்கள். 132-இல் கப்பல் நடுக்கடலில். ஆறு பேர். எல்லாரும் 131-ஐப் படித்திருப்பார்கள் என்ற எண்ணத்தில், கதை எழுதியவர்கள் அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நாற்பது வருடமாக வாசகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கயிற்றுக்காரர் எப்படிச் செத்தார் என்று. சுறா என்பார்கள். சதி என்பார்கள்.

என்னிடம் இருக்கிறது. கீழ்வீட்டில் இருந்தபோது வெள்ளம் புகுந்து மற்ற இதழ்களெல்லாம் போய்விட்டன. இது மட்டும் பட்டச் சான்றிதழ் உறைக்குள் இருந்ததால் தப்பித்தது.

என் பட்டியலில் 131-க்கு நேரே நான் எழுதியது: 'கிடைக்கவில்லை'.

இருக்கிறது என்று எழுதினால் விடுதி முழுக்க வரிசை கட்டி வந்து கேட்பார்கள், தாள் கிழியும். அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அது. இன்று வேறு யாரும் படிக்கப்போவதில்லை, ஆகவே எழுதுகிறேன். எனக்கு மட்டும் தெரியும் என்பது நன்றாக இருந்தது.

நெட்டை திருடியது அந்தப் பொய்யையும் சேர்த்துத்தான்.

பிப்ரவரி 4, புதன்

அவன் கேட்கட்டும். பொதுவில் அறிவிப்பு போடாமல், என்னிடம் கேட்கட்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மனைவிக்குத் தெரியும் என்பதை மறந்துவிட்டேன். கடவுச்சீட்டு எடுக்கச் சான்றிதழைத் தேடியபோது பார்த்திருக்கிறாள். இன்று காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்த நம்பர் உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு."

"அது இல்லாம வந்தா உங்களுக்கு வர்ற புத்தகமும்தானே மொட்டையா வரும்?"

"தெரியும்."

"சரி, தெரிஞ்சா சரி."

அவள் சொல்வது நியாயமா? நியாயம்தான். நியாயமாக இருப்பதால் மட்டும் என் மனம் மாறவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நெட்டை கூப்பிட்டான். என் எண்ணை யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறான். எடுத்தவுடன், "நான்தான்டா" என்றான். முப்பது வருடத்துக்குப் பிறகும் பெயர் சொல்லத் தேவையில்லை என்ற எண்ணம். எனக்கும் தேவைப்படவில்லை என்பதுதான் எரிச்சல்.

என் மகள் என்ன செய்கிறாள், முட்டிவலி உண்டா என்று சுற்றி வளைத்தான். நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை. 'அன்னைக்கு உன் பேரைப் போட்டிருக்கணும்டா' என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அப்போதே உறையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். சத்தியமாக.

அவன் சொன்னது இது: "அந்த நூத்தி முப்பத்தொண்ணு… அப்புறமாவது எங்கயாவது உன் கண்ணுல பட்டுச்சா? உன்கிட்ட கேட்டா நிச்சயமாத் தெரிஞ்சுரும்னு சொன்னேன் இவங்ககிட்ட."

"இல்ல" என்றேன்.

"பாத்ததே இல்லியா?"

"இல்ல."

"சரிடா. உனக்கே கிடைக்கலேன்னா யாருக்கும் கிடைக்காது" என்று வைத்துவிட்டான்.

ஏன் அப்படிச் சொன்னேன்? தட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

திரும்பக் கூப்பிட்டால், பட்டியலிலேயே பொய் எழுதியவன் என்று ஆகும். கூப்பிடவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. நான் இல்லை. வருத்தம் வரும் என்று மாலைவரை பார்த்தேன். வரவில்லை. இன்றைய தாளில் பக்க விளைவுகள்: குமட்டல், உலர்ந்த வாய், விரல்நுனி மரத்துப்போதல். பிழை எதுவும் இல்லை.

மே 16, சனி

அச்சுக்குப் போய்விட்டதாம். இனி நினைத்தாலும் முடியாது. ஒருவித நிம்மதி.

ஜூன் 19, வெள்ளி

வந்துவிட்டது. கூரியர்காரர் கையெழுத்து வாங்கும்போதே, "உள்ள என்ன சார், டைல்ஸா?" என்றார்.

நான்கு பாகங்கள். எதிர்பார்த்ததைவிடக் கனம். முதல் பாகத்தை மேசையில் வைத்து நடுப்பக்கத்தில் திறந்தேன். கடல் தட்டையாக விரிந்தது. மடிப்பே இல்லை. அலைக்குள் ஒரு சின்னப் படகு வரைந்திருக்கிறது. நாற்பது வருடமாக அது மடிப்புக்குள் இருந்திருக்கிறது, நான் பார்த்ததே இல்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது. இதை எழுதிவிட வேண்டும்.

பிறகு மூன்றாம் பாகம். 130 முடிந்ததும் பதினாறு வெள்ளைப் பக்கங்கள். பக்க எண் மட்டும் கீழே அச்சாகியிருக்கிறது.

முன்னுரைக்குப் போனேன். நெட்டை எழுதியிருக்கிறான். மூன்றாவது பத்தியில் என் பெயர், முதலெழுத்தோடு. 'இத்தொகுப்புக்கு அடிப்படையான பட்டியல் அவர் உருவாக்கியது. அன்று அவர் பெயரை விட்டுவிட்டு என் பெயரில் வெளியிட்டேன். அது தவறு. நேரில் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை, ஆகவே அச்சில் சொல்கிறேன். வாழ்நாளெல்லாம் தேடியும் அவருக்கே அகப்படாத இதழ் ஒன்று உண்டு. அதற்கான வெள்ளைப் பக்கங்களை அவருக்கே சமர்ப்பிக்கிறோம்.'

இரண்டு தடவை படித்தேன். பிழை இல்லை.

ஜூன் 20, சனி

மனைவி முன்னுரையைப் படித்தாள். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஜூலை 12, ஞாயிறு

வாசகர் கூட்டம். ஒரு நூலகத்தின் மாடியில், நாற்பது பேர் இருக்கும், பாதிப் பேர் மூட்டுவலிக்காரர்கள். நெட்டை வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தான். பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான், முன்னுரையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்னை மேடையேற்றினான். தலைப்பு: அகப்படாத இதழைத் தேடி.

பேசினேன். பழைய புத்தகக் கடைகள், பூட்டிய கிட்டங்கிகள், ரயிலில் போய் ஏமாந்து திரும்பியது. மற்ற இதழ்களுக்காக நிஜமாகவே அலைந்ததுதான், எண்ணை மட்டும் மாற்றினேன். கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி எழுந்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க சார்? கயிற்றுக்காரர் எப்படிச் செத்திருப்பாரு?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"சாகல. இறங்கிப் போயிட்டாரு."

ஊகம் போலவே சொன்னேன், ஆனால் இதழில் உள்ளபடி, கட்டம் கட்டமாக. துறைமுகத்தில் ஒரு செய்தித்தாள்காரர் குழுவைப் படம் எடுக்கிறார். கயிற்றுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார், படத்துக்குள் வரவில்லை. மறுநாள் நாளிதழில் 'ஆழ்கடல் அறுவர்' என்று தலைப்பு. மற்றவர்கள் சிரித்துவிட்டுத் தாளை மடிக்கிறார்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் இறங்கிப்போய்க் கரையில் ஒரு பெட்டிமேல் உட்காருகிறார். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று. உள்ளே தூங்குகிறார் என்று நினைத்துக் கப்பலை எடுத்துவிடுகிறார்கள்.

முதலில் சிரித்தது முன்வரிசை வழுக்கைத்தலைக்காரர். "போட்டோல மூஞ்சி வரலேன்னு கப்பலை விட்டு இறங்குவாங்களா சார்? சின்னப் பிள்ளையா அவரு?" எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. நெட்டை என் தோளில் கை போட்டு ஒலிவாங்கியில் சொன்னான்: "இவன் எப்பவும் இப்படித்தான். அவர் அவ்வளவு அற்பமான ஆளு இல்லடா."

உட்கார்ந்தேன். தேநீர் கொடுத்தார்கள்.

ஜூலை 13, திங்கள்

அற்பம்.

ஜூலை 15, புதன்

131-ஐ எடுத்து மறுபடி படித்தேன். கடைசிக் கட்டத்தில் கப்பல் இல்லை. கரையும் பெட்டியும் முதுகும்தான். நான் சொன்னது ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. நான் சொன்னதுதான் சரி. சரி என்று காட்ட என்னிடம் இருப்பது ஒரே ஒரு வழி.

ஜூலை 18, சனி

கிளம்பும்போது மனைவி உறையைப் பார்த்தாள். "நல்ல மனசு வந்துருச்சா, இல்ல கோபமா?" என்றாள். தெரியவில்லை என்றேன். "எதுவா இருந்தாலும் குடையை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

நெட்டையின் வீடு மூன்றாம் மாடி. தனியாக இருக்கிறான் என்பது இன்றுதான் தெரிந்தது. மேசை நிறையத் தாள்கள். ஒதுக்கி இடம் பண்ணி உறையை வைத்தேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடுத்தான். அட்டையில் எண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு நின்றபடியே படித்தான். பதினாறு பக்கம், கால்மணி நேரம். கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றான்.

"பெட்டிமேல உக்காந்திருக்காரு" என்றான்.

"ஆமா."

"உன் லிஸ்ட்டுல…" என்று ஆரம்பித்தான்.

"ஆமா" என்றேன்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் சொல்லக்கூடியதையெல்லாம் பேருந்தில் யோசித்து ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவன் சமையலறைக்குப் போய் இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தான். குடித்தோம். ஒளிவருடியின் மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்தான். முதுகு என் பக்கம்.

"தனியா ஒரு சின்னப் புத்தகமா அச்சடிச்சு எல்லாருக்கும் அனுப்பிரலாம். ஆனா மடிப்பு இல்லாம வரணும்னா பின்னை எடுக்கணும். எடுத்தா அப்புறம் பழையபடி ஆகாது."

"எடு."

"நீ எடு. உன்னோடது."

இரண்டு பின்கள், துரு ஏறியவை. கத்திமுனையால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தினேன். ஒன்று பாதியில் உடைந்தது. நான்கு தாள்களும் தனித்தனியாக வந்தன. கையில் துரு. முதல் தாளை நீட்டினேன், அவன் வாங்கிக் கண்ணாடிமேல் கவிழ்த்தான்.

"அடுத்தது" என்றான்.