கிளி போட்ட டிவி உறை

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் இசக்கித்துரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் வீட்டுக்காரியும் பேத்தி பொன்செல்வியும் இருக்கிறோம். நீ ஷார்ஜாவில் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் இருக்க கோமதியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுகிறோம். நான் சொல்லப்போவது உனக்கு மட்டும். அதனால் வெள்ளிக்கிழமை அங்கே திரும்பும் மைதீன் பாட்சா கையில் கொடுத்துவிடுகிறேன். அஞ்சாம் கிளாஸ் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துப் படி.

எனக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகிறது. உன் வீட்டுக்காரி பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுகிறாள். எழுப்ப மனசு வராது. எனக்கும் இப்போதெல்லாம் காலையில் எழுந்திருக்கும்போதே அசதியாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைக் கழற்றி, உள்ளே இருப்பதை மட்டும் துணியில் சுற்றி அனுப்பினாய் அல்லவா? பெட்டி எடை என்று விட்டுவிட்டாய். அது உன் தப்பில்லை. பொன்செல்வி பிரித்துப் பார்த்து, "ஏ ஆச்சி, ஆளு வந்து எறங்கியாச்சு, குடியிருக்க வீட்டத்தான் காணும்" என்று சிரித்தாள். கடைக்குப் போய்ப் பெட்டி விலை கேட்டுவிட்டு, "அம்புட்டு எதுக்கு, நானே செய்யுதேன்" என்று வெறுங்கையோடு வந்தாள்.

மாடிப்படிக்கு அடியில் கிடந்த சர்க்கார் டிவி உனக்கு நினைவிருக்கும். மெக்கானிக் குடலை உருவிக்கொண்டு போனபின் வெறும் கூடாகக் கிடந்தது. அதைக் கழுவிக் காயவைத்தாள். பழைய கேரம் போர்டை அறுத்து உள்ளே தட்டு அடித்தாள். நீ அனுப்பிய பச்சைப் பலகை தட்டில் உரசாமல் நிற்க, பேனா ரீபிலைத் துண்டு துண்டாக வெட்டி அடியில் கொடுத்தாள். ஸ்குரு எல்லாம் பழைய மிக்சியில் கழற்றியது. படம் தெரிகிற வாயில் கொசுவலை. வாசல் காலிங்பெல் சுவிட்சையும் பிடுங்கி அதில் வைத்துவிட்டாள். அதை அமுக்கினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும். நம் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போது கதவைத் தட்டுகிறார்கள். திரை மட்டும்தான் பழசாக விலைக்கு வாங்கியது.

நான் தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னேன். "ஆச்சி பேத்திக்கு டிவிக்குள்ள கம்ப்யூட்டர் பொறந்திருக்காம்ல" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று இருந்தேன்.

சென்னைக் கம்பெனி வேலைக்கு அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பரீட்சை எழுதிய அன்று நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், திரும்பக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் அந்தப் பெட்டி, அதன் நெற்றியில் சர்க்கார் முத்திரை. சென்னைக்காரர்கள் பார்த்து நம்மை இளப்பமாக நினைப்பார்களே என்று எனக்குத் தோன்றியது. அவள் பெட்டியை ஓடவிட்டுத் திருநீறு பூசப் போன நேரத்தில், நான் அந்த நாளில் டிவிக்குத் தைத்த உறையை, அந்தக் கிளி போட்ட உறையை, எடுத்து மாட்டிவிட்டேன். மணியாகிவிட்டது என்று ஓடிவந்து உட்கார்ந்தவள் பின்னால் பார்க்கவில்லை.

ஒன்றேகால் மணி நேரத்தில் அணைந்துபோயிற்று. "ஐயோ, கரண்டு போச்சா" என்று மீட்டரைப் பார்க்க ஓடினாள். அவள் வந்து பெட்டியைத் திறக்கட்டும் என்று நான்தான் உறையை உருவி மடித்தேன். துணி சுட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கு நீ போனில், "குப்பையப் பொறுக்கிப் பெட்டி கட்டுனா இப்படித்தான் ஆகும், பொண்ணு கேட்டு வந்த கரிவலம் லிங்கேஷ் வீட்டுக்குச் சம்மதம் சொல்லிருங்க" என்றாய். அவளும் சரி என்றாள். அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை. அவள் சரி சொன்ன விதம்தான் எனக்கு ஆகவில்லை. அடுத்த இரண்டு நாளும் பெட்டியைப் பகலெல்லாம் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு பழுதும் இல்லை. பழுது கிடைத்திருந்தால்கூடத் தேறியிருப்பாள். "என் கைவேலதான் ஆச்சி சரியில்ல" என்று சொல்லிவிட்டுத் தாயோடு பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் கம்ப்யூட்டரில் எதையோ ஓடவிட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். தூசி விழுமே என்று நான் மறுபடியும் உறையைப் போட்டேன். டிவி ஓடும்போது உறை போடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? டிவி ஓடினால் அதிலேயே படம் தெரியும். இதில் படம் வேறெங்கோ தெரிகிறது, பெட்டி சும்மா இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் உள்ளே காற்றாடி கத்தியது, அணைந்தது. தொட்டால் தோசைக்கல். உறையை எடுத்து, ஆறவிட்டு, சுவிட்சை அமுக்கினேன், எழுந்துவிட்டது. திரும்பவும் மூடினேன், திரும்பவும் அணைந்தது. அதன் முதுகில் கீறல் கீறலாக விட்டிருப்பது மூச்சுவிடத்தான் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

அவள் கட்டிய பெட்டியில் குறை இல்லை, மக்கா. குறை என் துணியில்.

ஐந்து நாளாக அவளிடம் சொல்ல வாயெடுக்கிறேன், வரவில்லை. என்னை ஏசமாட்டாள், அதுதான் பயம். மாதக் கடைசிக்குள் காரணம் எழுதிப் போட்டால் இன்னொரு தடவை பரீட்சை வைப்பார்களாம். நீ சொல்லாமல் அவள் எழுதிப் போடமாட்டாள். லிங்கேஷ் வீட்டாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம், நானே கரிவலத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் சொல்கிறேன்.

இதைப் படித்த அன்றைக்கே போன் போடு. ஸ்பீக்கரிலேயே பேசு. இதில் உள்ளதை அவளுக்கு வாசித்துக் காட்டு, ஒரு வரி விடாதே. நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், எழுந்து போகமாட்டேன்.

மைதீன் பாட்சாவிடம் கடிதத்தோடு ஒரு துணிப்பொட்டலமும் கொடுத்தனுப்புகிறேன். அந்த உறைதான். எடை இல்லை. கிழித்துப்போட எனக்குக் கை வரவில்லை, அங்கேயே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கும், நீ பெற்றவளுக்கும் அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சங்கரம்மாள்.