நீர் வடிந்த பிறகு

இதய வார்டு, பதினொன்றாம் படுக்கை
மார்ச் 4

சின்னுவின் அம்மாவுக்கு,

ஆறு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. போன் செய்தால் எடுக்க மாட்டாய் என்றுதான் எழுதுகிறேன். இதயம் பலவீனமாகிவிட்டதாம். கால் இரண்டும் நான் ஓட்டிய பஸ்ஸின் டயர் மாதிரி வீங்கிக் கிடக்கின்றன. மற்றபடி சாப்பாட்டுக்குக் குறைவில்லை. எடை அறுபத்திரண்டு, மூன்று மாதமாக இறங்கவே இல்லை. "தாத்தா, அப்படியே இருக்கீங்களே!" என்கிறாள் நர்ஸ். சின்னுவிடம் சொல்லாதே, பிள்ளை பெற்ற உடம்பு.

சின்னுவின் அப்பா

மார்ச் 9

சின்னுவின் அப்பாவுக்கு,

அவளிடம் சொல்லவில்லை. உங்கள் டிப்போ நண்பர் உங்கள் படத்தை அனுப்பியிருந்தார். சட்டையின் தோள் பாதிக் கைக்கு இறங்கியிருக்கிறது. நான் தைத்த சட்டை, அளவு எனக்குத் தெரியும். கால் அவ்வளவு வீங்கினால் எடை ஏறத்தானே வேண்டும்? ஏறவில்லையென்றால் வேறெங்கோ சதை கரைகிறது. மழுப்பாமல் சொல்லுங்கள், சாப்பிடுகிறீர்களா?

சின்னுவின் அம்மா

மார்ச் 15

சின்னுவின் அம்மாவுக்கு,

உன் கணக்கு தப்பவில்லை. மருந்து கொடுத்து நீரை இறக்கினார்கள். எடை நாற்பத்தெட்டு. உணவு ஆலோசகர் என்று ஒரு பெண் வந்து என் கையைச் சுற்றி டேப் வைத்து அளந்தாள். "இத்தனை நாளா தண்ணியத்தான் எடை போட்டிருக்கோம், தாத்தா. சாப்பிட்டீங்களான்னு யாருமே கேக்கலையா?" என்றாள்.

யாரும் கேட்கவில்லை. தட்டு வரும். இரண்டு வாய்க்குள் மூச்சு வாங்கும், வயிறு முட்டிவிடும். மூடி வைப்பேன், அப்படியே எடுத்துப் போவார்கள். உப்பும் கிடையாது. உப்பு குறைந்ததென்று உன்மேல் தட்டை வீசியவன் எந்த முகத்தோடு புகார் சொல்வது?

நீ வர வேண்டாம். பார்க்கும்படி இல்லை.

சின்னுவின் அப்பா

ஏப்ரல் 2

சின்னுவின் அப்பாவுக்கு,

நீங்கள் அசந்து தூங்குகிறீர்கள். எழுப்ப மனமில்லை. இதைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

வர வேண்டாம் என்றீர்கள், வந்தேன், பதினைந்து நாள் ஊட்டினேன். முதல் நாள் நாலு கரண்டி, அதற்கே உங்களுக்கு நெற்றி வியர்த்தது. நேற்று ஒரு முட்டை முழுதாக இறங்கியது. முக்கால் கிலோ ஏறியிருக்கிறது. "கால்ல வீக்கமே இல்ல. இது சாப்பாடும்மா" என்று அந்த உணவுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்துடு, நான் மாறிட்டேன்" என்றீர்கள். மாறியிருப்பீர்கள், நம்புகிறேன். ஆனால் நேற்று உங்கள் கை தவறித் தட்டு கீழே விழுந்ததே, அந்தச் சத்தத்துக்கு நான் சுவரோரம் ஒதுங்கி முகத்தை மூடிக்கொண்டேன். நீங்களும் பார்த்தீர்கள். அந்தப் பயம் என் உடம்பைவிட்டு இன்னும் போகவில்லை. இனிமேல் போகுமென்று எனக்குத் தோன்றவில்லை.

சின்னுவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், ஞாயிறு வருவாள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிடுங்கள். வார்டு ஆயாம்மா பக்கத்திலிருந்து ஊட்டுவார், கோபப்படாதீர்கள். வாரா வாரம் எடை பார்த்ததும் சின்னுவுக்கு எழுதுங்கள்.

எனக்கு எழுத வேண்டாம்.

சின்னுவின் அம்மா