ஆடி கழியட்டும் என்றிருந்த வீடு

மிச்சம் (Mitcham), இங்கிலாந்து,
31.10.2005

அன்புள்ள குமுதினிக்கு,

நான் சுகமாயிருக்கிறேன். உமது முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே வாரச்சந்தை கூடும் சிறுநகரில் வீடு வாங்குவோருக்கான வழிகாட்டியை முறைப்படி படித்து, சந்தை நாளிலும் மழை நாளிலும் போய்ப் பார்த்து, நமக்கென ஒரு வீட்டைத் தெரிவுசெய்திருந்தேன். ஆடியில் வீடு பேசலாகாது என்று நீர் அனுப்பிய பஞ்சாங்கம் கூறியதால் காத்திருந்தேன். நான் துணைக்கு அழைத்துச்சென்ற உமது தம்பி யோகராசா அதற்குள் அதைத் தனக்கென விலைபேசி முடித்துவிட்டான்.

நேற்று அந்த வீட்டில் அவனுடைய குடிபூரல். “வெள்ளைக்காரனுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன அத்தான்?” என்று சிரித்தான். நானும் சிரித்தேன், வாழ்த்த மனம் வரவில்லை. நீர் நிற்பீர் என்று நான் எண்ணியிருந்த சமையலறை யன்னலடியில் அவன் மனைவி பால் காய்ச்சினாள்.

அவனுடைய கெட்டித்தனத்தைப் பற்றி உமது பதிலில் எழுத வேண்டாம். மிளகாய்த்தூள் அனுப்பும். பஞ்சாங்கம் இனி வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிறது.

உமது,
நித்தியானந்தன்