நட்ட வயலில் துப்பாதவள்

சிட்டு,

பஸ் காசு வைக்க இன்று காலை உன் சுருக்குப் பையை எடுத்தேன். சோப்புப் போட்டு எத்தனையோ தரம் அலசிவிட்டேன். ஆனாலும் வாயைப் பிரித்ததும் புகையிலை நெடி எழும்பியது. நீயே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். தனியாகத்தான்.

வலங்கைமான் பக்கம் நடவு என்றால் பாட்டெடுப்பது நீதான். உன் குரல் கேட்டால்தான் மற்றவர்களுக்குக் கை ஓடும். வெற்றிலை பாக்கோடு ஒரு கிள்ளு புகையிலையைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு சேற்றில் இறங்குவோம். பசி தெரியாது. துப்ப மட்டும் மாட்டாய். "நெல்லு நிக்கிற எடத்துல எச்சி துப்புனா வெளங்குமாடி?" என்பாய். சாற்றை விழுங்கிவிட்டு அடுத்த வரியைப் பாடுவாய்.

உன் குரல் கம்மியபோது, பாடிப் பாடித் தொண்டை கட்டிவிட்டது என்றுதான் நினைத்தோம். சித்தரத்தையைப் போட்டு மென்றாய், புகையிலையையும் விடவில்லை. அறுப்பு முடிந்தும் குரல் திரும்பவில்லை. சோறு இறங்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிற பெண், "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். என் தோளைத் தொட்டு, "இவதாங்க. எல்லாத்துக்கும் இவதான்" என்றாய்.

"பீடி, சுருட்டு உண்டாம்மா?" என்றார் டாக்டர்.

"அதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரங்க."

"சாராயம்?"

நீ சிரித்துவிட்டாய். "நல்லாக் கேட்டீங்க போங்க."

"அப்ப கன்னத்துல என்ன அடக்கி வச்சிருக்கீங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. துப்புவதில்லை, விழுங்கிவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. எந்தப் பழக்கமும் இல்லாதவங்களுக்கும் தொண்டையில புத்துநோய் வருது. ஆனா பீடி, சாராயம், புகையிலை, பாக்கு எல்லாமே அதுக்கு வழி வெட்டி விடும். மூணு வாரத்துக்கு மேல குரல் கம்முனா சளின்னு இருந்துடாதீங்க."

திரும்பி வருகையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வயலையே பார்த்துக்கொண்டு வந்தாய். "நெல்லு லட்சுமியாச்சேன்னு நெனச்சு துப்பாம முழுங்குனேன். தொண்டையிலயே உக்காந்துட்டாடி" என்றாய். அந்தக் கம்மிய குரலிலும் உனக்குக் கேலி போகவில்லை.

அப்புறம் பேச்சு நின்றது. குழாய் வழியாகத்தான் கஞ்சி. என்னைக் கூப்பிடக் கை தட்டுவாய். இப்போதும் வயலில் யாராவது நாரை விரட்டக் கை தட்டினால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். பார்த்தால் நாரைதான் பறக்கிறது.

உன்னைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்த அன்றே நான் புகையிலையை விட்டுவிட்டேன். ஆனால் நாற்று விட்டதிலிருந்து எனக்கும் குரல் கம்மியிருக்கிறது. இப்போது நடவே வந்துவிட்டது, டாக்டர் சொன்ன மூன்று வாரம் தாண்டிவிட்டது. "புதுத்தண்ணி ஒத்துக்கலக்கா, சித்தரத்தைய அடக்கிக்க" என்கிறார்கள் கூட நடுகிறவர்கள். உனக்கும் இதைத்தானே சொன்னோம். வெறும் தொண்டைக்கட்டாகவும் இருக்கலாம். இருந்தாலும் போய்க் காட்டிவிடுகிறேன். திருப்பூரில் இருக்கிற மகனுக்குச் சொல்லவில்லை. இந்தப் பயத்தைச் சொல்ல எனக்கு இருந்தது நீ ஒருத்திதான்.

காசைப் போட்டு உன் பையை இடுப்பில் செருகிக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் நான் உட்காரப் போவதில்லை, அது உன் இடம். ஆஸ்பத்திரியில் எடுத்த எடுப்பில் "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்பார்களே, நான் யார் தோளைத் தொட்டுக் காட்டட்டும், சிட்டு?