ஒப்பந்தத்தில் இருக்கிற கீப்பர்

ஜூன் 9, திங்கள்

அவுஸ்திரேலியாவில் புட்போல் சீசன் முடிந்து லீவில் வீட்டுக்கு வந்து ஒரு வாரம். மேற்கேயிருந்து சுடச்சுட அடிக்கிற கச்சான் காற்று ஓயவில்லை. கல்லடிக் கடற்கரையில் ஓடிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். மம்மியின் நண்டுக் கறி. கை முழுக்கக் குழம்போடு இருந்தபோது அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு போன் கோல்.

கார்ல் என்றான். இன்னொரு கிளப்புக்கு ஆள் தேடுகிறவன். அந்தக் கிளப்பின் பேரை இந்த டயரியிலும் எழுத மாட்டேன். அவர்களுக்குக் கோல் கீப்பர் வேண்டுமாம், என்னைப் பிடித்திருக்கிறதாம்.

எனக்கு என் கிளப்போடு இன்னும் ஒரு சீசன் ஒப்பந்தம் இருக்கிறது. அது அவனுக்கும் தெரியும். உடனே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். "என்னை விளையாட விடுவீங்களா?"

"பின்ன எதுக்குக் கூப்பிடுறம்?" என்று சிரித்தான்.

ரெண்டு சீசனாக விளையாடாமல் மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருக்கிறவனிடம் இப்படிச் சொன்னால்?

ஜூன் 10

அது பேரம் பேசினதாகுமா? கேள்விதானே கேட்டேன்.

ஜூன் 11, புதன்

பொறுக்க முடியாமல் ஷஸ்னாவுக்குப் போன் எடுத்தேன். வீரர் சங்கத்து வழக்கறிஞர். தாய் தகப்பன் அக்கரைப்பற்று ஆட்கள், அதனால் என்னோடு தமிழில்தான் கதைப்பா.

"பிரட்லி, சட்டம் லேசானது. ஒப்பந்தத்தில இருக்கிற ஆளோட கதைக்க முந்தி, அவன்ட கிளப்புக்கு அவங்க எழுத்தில அறிவிக்கணும். ஒப்பந்தம் முடிய ஆறு மாசத்துக்குள்ள எண்டாத்தான் நீங்க ஆரோடயும் கதைக்கலாம். உங்களுக்கு அதுக்கு இன்னும் காலம் இருக்கு."

"நான் பிழையா?"

"அவன் எடுத்தது அவன்ட பிழை. இனி நீங்க கதைச்சா அது உங்கட பிழை. இண்டைக்கே உங்கட கிளப்புக்குச் சொல்லிடுங்க."

ஓம் என்றேன். சொல்லவில்லை. சொன்னால் என்ன நினைப்பார்கள்? இவன் போகத் துடிக்கிறான் என்றுதானே? பிறகு வாங்கும் கிடைக்காது.

ஜூன் 14, சனி

கார்ல் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் நிற்கிறான். விடுமுறைக்கு வந்தானாம்! "சும்மா ஒரு கோப்பி குடிப்பம்" என்று மெசேஜ்.

டடிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் டிப்போவில் இஞ்சின் பிரித்துப் பூட்டிய மனிசன், எதையும் நேராகவே பார்ப்பார். "தேடி வந்தவன்ட முகத்தப் பாத்துச் சொல்லு, ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும்" என்றார். மம்மிக்கு நான் போவதே பிடிக்கவில்லை.

முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்னால் விட்டுவிடுவான். நாளைக்குப் போகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்ஷாப் தன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனான். ஏறாவூர்ப் பொடியன், ஸ்கூல் காலத்திலிருந்து என் கோலுக்குப் பின்னால் நின்று கத்துகிறவன். ஹோட்டல் வாசலிலேயே கார்லுக்குச் சொன்னேன், எங்கட கிளப்புக்கு எழுதுங்க, அதுவரைக்கும் என்னோட கதைக்காதீங்க என்று. தோளில் தட்டினான், கை குலுக்கினான். கோப்பி குடிக்காமலே திரும்பினேன். வந்தாறுமூலை தாண்டும்போது இன்ஷாப்போடு சேர்ந்து நானும் பாட்டுப் பாடினேன்.

ஜூன் 16, திங்கள்

ஐயோ இன்ஷாப்!

நான் கார்லோட கை குலுக்கிறதப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில போட்டிருக்கான். "எங்கட கீப்பர் பெரிய இடத்துக்குப் போறார்." நான் பாக்கக்குள்ள அவுஸ்திரேலியா முழுக்கப் பரவிட்டுது.

எங்கள் கிளப் மனேஜர் ஹோல்ட் எடுத்தார். குரல் ஐஸ்மாதிரி. வியாழக்கிழமை வீடியோவில் விசாரணை, போன் மெசேஜ் எல்லாம் காட்ட வேண்டும். ஒப்பந்தத்தை முறிக்கப் பார்த்தேன் என்று முடிவானால் மாதக்கணக்கில் தடை வருமாம்.

தடை வந்த ரெண்டாவது கீப்பரை யார் எடுப்பான்?

ஜூன் 17, செவ்வாய்

இன்ஷாப் வந்து முற்றத்திலேயே நின்று அழுதான். "பெருமையில போட்டுட்டன் மச்சான். பழைய படமெண்டு நான் சொல்லட்டா?" அவனைத் திட்ட வாய் வரவில்லை.

கார்லும் மெசேஜ் போட்டிருக்கிறான். தற்செயலாகக் கண்டதாகச் சொல், நானும் அப்படியே சொல்கிறேன் என்று. டடிகூட, "அப்படியே சொல்லன் மகன், ஆருக்குத் தெரியும்?" என்றார். நேராகப் பார்க்கிற டடி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஜூன் 18

சோறு இறங்கவில்லை. மம்மி மூன்று தரம் தட்டை மூடித் திறந்தா.

ஜூன் 19, வியாழன்

முடிந்தது. ஷஸ்னாவும் வீடியோவில் இருந்தா. முதல் போன் கோலிலிருந்து எல்லாம் சொன்னேன். நான் கேட்ட கேள்வியையும். அது எந்த மெசேஜிலும் இல்லை, சொல்லாமலே விட்டிருக்கலாம். ஷஸ்னா கண்ணை மூடினதைக் கண்டேன்.

ஹோல்ட் கேட்டார், "உனக்கு இங்க என்ன குறை?"

"விளையாட வேணும் சேர். பயிற்சி செய்யிறன், வாங்கில இருக்கிறன், வீட்ட போறன். எனக்கு வயசு போகுது."

இதை அந்த மனிசனிடம் ஒரு நாளும் சொன்னதில்லை என்பது வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் பேனையை எடுத்தார். எதையோ எழுதினார்.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு செய்தியும் இல்லை. போன் அடித்தால் மம்மி ஓடி வாறா. மீன்காரனாம்.

ஜூன் 27, வெள்ளி

ஷஸ்னா எடுத்தா. கார்லின் கிளப்புக்கு அபராதம், என்னை அவர்கள் இனி அணுகக்கூடாது. அவர்கள் வேறு கீப்பரை எடுத்தும் விட்டார்களாம். எனக்கு எச்சரிக்கை மட்டும், தடை இல்லை.

டடி தேவாலயத்துக்குப் போனார். ஞாயிறில்லாத நாளில் அவர் போய் நான் பார்த்ததில்லை. எனக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை. கதவு பூட்டிவிட்டது, நான் வெளியிலும் இல்லை, உள்ளுக்கும் இல்லை.

ஜூலை 2, புதன்

ஹோல்ட் தானே எடுத்தார். எங்கள் சீசன் தொடங்கும்வரை என்னை ஒரு சின்னக் கிளப்புக்கு இரவலாகக் கொடுக்கிறார்களாம். கீழ்ப்பிரிவு, அங்கே சீசன் இப்போது நடக்கிறது. அவர்களின் கீப்பருக்குத் தோள் முறிந்துவிட்டது. "போய் விளையாடு, பாப்பம்" என்றார்.

டடி முகம் சுருங்கியது. "கீழ்ப்பிரிவா?"

"ஓம் டடி. ஆனா நிக்கிறது கோலுக்குள்ள."

ஜூலை 5, சனி

மம்மி பெட்டி அடுக்கினா. மாசிக் கருவாட்டை விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொல்லியும் வைக்கிறா. இன்ஷாப் கொழும்பு வரைக்கும் கூட வருகிறான். படம் எடுக்கமாட்டானாம்.

அடுத்த சனி முதல் மேட்ச். அங்கே ஒரே மழையாம். நனைந்த பந்து எப்பவும் என் இடது பக்கம்தான் வழுக்கும்.  பின்னேரம் கடற்கரைக்குப் போய் டடியை இடது பக்கமாகவே அடிக்கச் சொல்ல வேண்டும்.