உன் பெயரில் இருக்கிற கார்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் காலையில் கடவுளிடம் கேட்கிறேன், இன்றைக்கும் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பது ஒரு வரியில் அடங்காது. போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும், அப்படியே பேசினாலும் இரண்டாவது நிமிஷம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மேம்பாலத்தின் நடுவில் கார் நின்றபோது அதில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் உன் தங்கை, பக்கத்து சீட்டில் அப்பா, பின்சீட்டில் நான், எனக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி. நாற்காலியையும் ஆள் கணக்கில்தான் சேர்க்கிறேன், நாலு மாதமாக அது என் முழங்காலை இடித்துக்கொண்டே கூட வருகிறது, டிக்கியில் அதற்கு இடமில்லை. சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது என்று சின்னவள் சொல்லி வாய் மூடவில்லை, பானெட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது, வண்டி இரண்டு தரம் உதறிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. பின்னால் லாரிகள், பஸ்கள், அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில். யாரோ நாலு பேர் இறங்கி வந்து தள்ளினார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். அதில் ஒருவன் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்து, "பெருசு, நீயும் இறங்கினா வண்டி கொஞ்சம் லேசாகும்ல?" என்று கேட்டான். அவனுக்கு அப்பாவின் கால் நிலைமை தெரியாது, அவன்மேல் தப்பில்லை. ஆனால் முப்பத்தோரு வருஷம் ஆபீஸ் கார் ஓட்டி, ஒரு நாளும் எந்த அதிகாரியையும் நடுரோட்டில் நிறுத்தாத மனிதர், மடியில் கையைக் கோர்த்துக்கொண்டு, தன்னை உட்காரவைத்துத் தள்ளுகிறவர்களைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தார். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் அந்த மிஷின் நமக்கு, தாமதமானால் அடுத்தவருக்கு. நாங்கள் போய்ச் சேரும்போது எட்டே கால். அன்றைக்கு டயாலிசிஸ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, நான் எழுதி வைத்திருக்கிறேன். கார் வாங்கலாம் என்று நீ சொன்னதும் உன் தங்கையும் நானும் முணுமுணு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு பதினோரு கார் பார்த்தோம். அவருக்கு அந்தப் பெயர் வைத்தது அப்பாதான், மனிதர்களிடம் பேசமாட்டார், இன்ஜினிடம் முணுமுணுப்பார். ஒரு காருக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதினேன். நான் கார் ஓட்டத் தெரியாதவள், எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள், ஆனால் இவ்வளவு வருஷம் அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் வண்டியைப் பற்றித்தான் பேசினார், பரிமாறுகிறவள் காதில் விழாமல் இருக்குமா? பழைய காரைக் காலையில், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் போய்ப் பார்க்க வேண்டும், சூடேறிவிட்டால் இன்ஜினின் குறை மறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். மீட்டர் சொல்கிற கிலோமீட்டரை நம்பாமல் பிரேக் மிதியின் ரப்பரையும் சீட்டின் ஓரத்தையும் பார்க்க வேண்டும் என்பது தெரியும். சக்கர நாற்காலியை மடித்து நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துப் போனேன். ஒவ்வொரு டிக்கியிலும் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன், விற்கிறவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று பிடித்தேன். சின்ன கார் விலை குறைவுதான், நாற்காலி ஏறாது. பெரிய கார் நம் கைக்கு எட்டாது. டிக்கி வைத்த சின்ன செடான்தான் சரி என்று கடைசியில் வந்து நின்றோம்.

எட்டாவது பக்கத்தில் இருப்பது மருந்துக்கடைக்காரர் கார். பன்னிரண்டு வருஷத்து வண்டி, மண் கலர், பார்க்க ஒன்றும் இல்லை. ஒரே கை, வாங்கியதிலிருந்து அவரிடம்தான் இருக்கிறது. ஆயில் மாற்றிய ரசீதுகூட தேதிவாரியாக ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். பின் பம்பரில் ஒரு கீறல் இருந்தது, நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவரே காட்டி, தான் கேட்டில் இடித்தது என்று சொன்னார். கயிற்றின் மூன்று முடிச்சும் டிக்கிக்குள் அடங்கி நாலு விரல் மிச்சம். மெக்கானிக் அரைமணி நேரம் அதனோடு முணுமுணுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "எடுத்துக்குங்கம்மா" என்றார். அந்த ஆள் வாயிலிருந்து அவ்வளவு தெளிவாக ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

நீ வேண்டாம் என்றாய். படத்தைப் பார்த்துவிட்டு, இதென்ன கலர், இதில் பாட்டுக்கும் வழி காட்டுவதற்கும் ஒரு திரையே இல்லையே, பன்னிரண்டு வருஷமா என்றாய். உன்னோடு காலேஜில் படித்தவன் நல்ல வண்டி வைத்திருக்கிறான், ஐந்து வருஷம்தான் ஆகிறது, கேஸில் ஓடும், செலவே இல்லை என்றாய். சரி என்று போனோம். உன் சிநேகிதன் சொன்ன இடத்தில் வரிசையாக ஐம்பது கார், எல்லாம் கழுவிப் பளபளவென்று. நான் முதலில் பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. இப்போதுதான் இடம் மாற்றி நிறுத்தினோம் என்றார்கள். காலை ஏழரை மணிக்கு யார் இடம் மாற்றுகிறார்கள்? டிரைவர் சீட் புதுத் துணி, மிதிக்குப் புது ரப்பர். பின்சீட்டில் இடது பக்கம் மட்டும் பஞ்சு அமுங்கிப் பள்ளமாக இருந்தது, அந்தப் பக்கத்துக் கதவின் கைப்பிடியில் பூச்சே இல்லை. வீட்டுக்கு ஓடிய காரில் பின்னால் இடது பக்கம் தினமும் யார் உட்காருவார்கள்? டிக்கியைத் திறந்தால் பாதிக்கு மேல் கேஸ் சிலிண்டர், கயிற்றின் முதல் முடிச்சே உள்ளே போகவில்லை. இதையெல்லாம் உனக்குச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உன் சிநேகிதன் உன்னைக் கூப்பிட்டு, போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்தான், நீ அங்கே இருந்துகொண்டே கேட்டுவிட்டு, சத்தம் அருமையாக இருக்கிறது என்றாய். நான் பின்சீட்டைச் சொன்னதும் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நோட்டிலும் அப்படியேதான் இருக்கிறது. "அம்மா, உங்களுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்? அவன் என்னை ஏமாத்துவானா?" போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் நின்ற விற்பனைப் பையன்கள் இரண்டு பேரும் அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். உன் சிநேகிதன், நாற்காலியைக் கூரையில் கட்டிக்கொள்ளலாம் ஆன்ட்டி என்றான். ஐம்பத்தெட்டு வயதில் நான் தினம் கூரையில் ஏறி நாற்காலி கட்ட வேண்டும் என்பது அவன் யோசனை. நானும் அங்கே வாயை மூடிக்கொண்டேன். பணம் போடுகிறவன் நீ. என் தப்பு அது, உன் கணக்கில் எழுதமாட்டேன்.

ஆனால் பெயர் விஷயம் உன் கணக்கில்தான் வரும். ஓட்டப்போகிறவள் உன் தங்கை, உட்காரப்போகிறவர் உன் அப்பா, இருந்தும் பதிவு உன் பெயரில்தான் இருக்க வேண்டும், நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்று சொன்னாய். யார் பேசுவார்கள் என்று நினைத்தாய்? வாரம் மூன்று நாள் விடியுமுன் எழுந்து அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பிறகு கூரியர் ஆபீஸுக்குப் போய் எட்டு மணி நேரம் பார்சல் எண்ணுகிறவளா? உன் பெயர் போட்ட பதிவுச் சான்றை நான்தான் கவரில் போட்டு அவள் கையில் கொடுத்தேன், அண்ணன் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டாள்.

வாங்கிய ஒன்பதாம் நாள் ஸ்டார்ட் ஆகவில்லை. பிறகு கிளட்ச், பிறகு தண்ணீர் ஒழுகல். ரிப்பேர்ச் செலவை இதில் எழுதவில்லை, உனக்குக் கணக்குக் காட்டுவதற்காக இந்தக் கடிதம் இல்லை. மேம்பாலத்துக்கு அப்புறம் மெக்கானிக் உள் தரைவிரிப்பைக் கிளப்பிப் பார்த்தார், வாடகை மீட்டருக்கு இழுத்த ஒயரை வெட்டிவிட்ட முனை அங்கேயே கிடந்தது. உன் சிநேகிதன் போனை எடுக்காததால் நேரில் போனேன். கண்ணாடி ரூம், குளிர் மிஷின், தண்ணீர் கொடுத்தான். உங்கள் பையன் ஓகே சொல்லித்தானே ஆன்ட்டி எடுத்தீர்கள் என்றான். தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இதெல்லாம் இரும்பு, போகட்டும். இனி எழுதுவதுதான் விஷயம். வியாழக்கிழமை வாடகை வண்டிக்குச் சொல்லிவிட்டு அப்பாவை எழுப்பினேன். வழக்கம்போல் ஒருவன் நாற்காலியைப் பார்த்ததும் போய்விட்டான், இன்னொருவனைப் பிடித்து வாசலில் நிறுத்தினேன். அப்பா எழுந்திருக்கவில்லை. போதும் என்றார். எது போதும் என்றேன், எல்லாம்தான் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்னவள் கெஞ்சினாள், நான் சண்டை போட்டேன், வாசலில் நின்றவன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பாதம் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்க, தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தேன். அப்போதுதான் சொன்னார். "முதல் நாளே தெரியும். உக்காந்ததுமே தெரிஞ்சிடுச்சு, இது வாடகைக்கு ஓடின வண்டின்னு." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் ஆசையா வாங்கிக் குடுத்திருக்கான். அதுல போய் என்னைக் குத்தம் சொல்லச் சொல்றியா?"

நாலு மாதம், ஒவ்வொரு நாளும் அந்த வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உன் மனம் கோணக்கூடாது என்று. உனக்கு இது தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், அழவைக்க இல்லை.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பொய் சொன்னதில்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவரிடம், உங்கள் பையன் மத்தியானம் போன் பண்ணினான், நடந்ததைக் கேட்டு ரொம்ப வருத்தப்பட்டான், அந்தக் காரைத் தள்ளிவிட்டு மருந்துக்கடைக்காரர் காரை அப்பா பெயரிலேயே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டான், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போகப்போகிறோம் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "அவனா சொன்னான்?" என்றார். ஆமாம் என்றேன். மெக்கானிக் வீட்டுக்கு ஓடினேன், அவர் மருந்துக்கடைக்காரரிடம் என்ன முணுமுணுத்தாரோ, சனிக்கிழமை ஆறு மணிக்கு அந்த நல்ல மனிதர் தானே ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நாற்காலி டிக்கிக்குள் போனது. அப்பா தானே சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார், வழி முழுக்கப் பேசினார், கியரை இவ்வளவு இழுக்க வேண்டாம் என்று வண்டிக்காரருக்கே பாடம் சொன்னார். ஒரு வாரம் சிகிச்சை இல்லாமல் வந்ததற்கு நர்ஸ் என்னைத்தான் திட்டினாள், அப்பா குறுக்கே புகுந்து, "இனிமே தவறாதும்மா, என் பையன் அங்க இருந்தே எல்லாம் கவனிச்சு வண்டிய மாத்திக் குடுத்துட்டான்" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரரிடமும் சொன்னார். ஊசி குத்தும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். இன்று காலை பிரார்த்தனையில் எனக்குத் தலை நிமிரவில்லை.

மருந்துக்கடைக்காரர் தரகரிடம் விற்கமாட்டேன் என்று வைத்திருந்ததால்தான் வண்டி இன்னும் அவரிடம் இருக்கிறது. மாதக் கடைசி வரை நமக்காக வைத்திருப்பார், அதுவரை செவ்வாய், வியாழன், சனிக்குத் தானே வருகிறேன் என்கிறார், அவருக்குக் கடை திறக்க வேண்டும், எத்தனை நாள் கேட்பது? நிற்கிற காரை எடுக்க மெக்கானிக் ஓர் ஆளைப் பிடித்திருக்கிறார், சாமான் ஏற்றுகிறவர். அது வாடகைக்கு ஓடியது, இன்னின்ன ரிப்பேர் ஆகியிருக்கிறது என்று நோட்டைக் காட்டித்தான் கொடுப்பேன், மறைத்து விற்கமாட்டேன். விலையில் குறைவதை நான் சமாளித்துக்கொள்கிறேன், உன்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. ஆனால் கார் உன் பெயரில் இருக்கிறது. உன் கையெழுத்து இல்லாமல் எங்களால் அதை வாசலைவிட்டு நகர்த்த முடியாது. பெயர் மாற்றும் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், நீ கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு இடத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். வாங்கும்போது மூன்றே நாளில் போட்டு அனுப்பினாய், அந்த வேகம் விற்கும்போதும் இருக்கட்டும்.

இன்னொன்று. அப்பாவுக்கு ஒரு போன் பண்ணு. மன்னிப்பு எல்லாம் கேட்கவேண்டாம், புது வண்டி எப்படிப்பா ஓடுகிறது என்று மட்டும் கேள், மிச்சத்தை அவரே சொல்லிக்கொள்வார். நான் சொன்னது பொய்யாகவே நிற்பதும் நிஜமாவதும் இனி உன் கையில்.

கோபத்தில் எழுதினேன், இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் நீ ஆரோக்கியமாக, நல்ல பெயரோடு இரு, கடவுள் உன்னைக் கைவிடமாட்டார், நானும் விடமாட்டேன். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, உன் வயிற்றெரிச்சலுக்கு ஆகாது. தங்கைக்குத் தனியாக இரண்டு வரி எழுது, அவள் கேட்கமாட்டாள். படிவத்தில் பேனாவால் கையெழுத்துப் போடு, பென்சில் குறியை அழித்துவிடு. அடுத்த வியாழக்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி அனுப்பு, உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா